நாசில் துளியின் அளவு: அட்டவணையா, சூத்திரமா, மஞ்சள் தாளா, லேசரா?

அட்டைப் பெட்டியில் "80 மைக்ரான்" என்று அச்சடித்திருந்தது. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, இங்கே அது துளியின் விட்டம். உள்ளே கைத்தெளிப்பானுக்கு மாட்டுகிற பித்தளைக் கூம்பு நாசில். பருத்தி போட்டிருக்கும் பெரியவர் ஒருவர் அதை என் மேசைமேல் வைத்துவிட்டுக் கேட்டார்: "இந்த எண்பதை அளந்து போட்டிருக்காங்களா தம்பி, இல்ல கணக்குப் போட்டு எழுதிட்டாங்களா?"

நாசில் செய்யும் சிறு பட்டறைகளுக்குச் சோதனை செய்து கொடுப்பது என் தொழில். இத்தனை வருடத்தில் இவ்வளவு நேராக யாரும் கேட்டதில்லை. அவரும் ஊர்க்காரர்கள் சிலரும் சேர்ந்து மொத்தமாக நாற்பது நாசில் வாங்கப் போகிறார்கள். எதை நம்பி வாங்குவது என்பதுதான் கேள்வி. அவருக்குச் சொன்னதையும், பட்டறைக்காரர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்வதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

துளி அளவில் இத்தனை அக்கறை எதற்கு என்று முதலில் பார்த்துவிடலாம். 200 மைக்ரான் துளி ஒன்றை 100 மைக்ரானாக உடைத்தால் எட்டுத் துளி கிடைக்கும். அதே மருந்து, இலையில் எட்டு இடத்தில் விழும். பூச்சிக்கும் பூஞ்சணத்துக்கும் இது நல்லது. ஆனால் அசையாத காற்றில் 100 மைக்ரான் துளி விநாடிக்குக் கால் மீட்டர் அளவுதான் இறங்கும். பயிருக்கு ஒரு மீட்டர் மேலிருந்து இறங்க நான்கு விநாடி. அந்த நேரத்தில் மணிக்கு 7 கிலோமீட்டர் வேகக் காற்று அதை எட்டு மீட்டர் தள்ளிக்கொண்டு போய்விடும். 200 மைக்ரான் துளி அதே காற்றில் மூன்று மீட்டருக்குள் இறங்கிவிடும். 50 மைக்ரான் துளியின் கதை வேறு. 30 டிகிரி வெயிலில், ஈரப்பதம் ஐம்பது சதவீதம் இருக்கும்போது, ஏறத்தாழ 4 விநாடியில் அதன் தண்ணீர் முழுவதும் ஆவியாகிவிடும். மிஞ்சும் மருந்து காற்றில் மிதக்கும், அடிக்கிறவரின் மூக்குக்கும் போகும். 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆள் உயரத்துக்கு வளர்ந்த செடி, கலந்து அடித்த மருந்துகள், முகமூடி இல்லாத வேலை என்று அதற்குப் பல காரணங்கள் பேசப்பட்டன. நுண்துளியை மூச்சோடு இழுப்பது எவ்வளவு ஆபத்து என்று அந்த ஆண்டுக்குப் பிறகு யாருக்கும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் "80 மைக்ரான்" என்று பெருமையாக அச்சடிப்பதைப் பார்த்தால் எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது.

எந்தச் சராசரி?

எந்த நாசிலும் ஒரே அளவுத் துளியைத் தருவதில்லை. 20 மைக்ரானும் 500 மைக்ரானும் ஒரே பீய்ச்சலில் வரும். ஆகவே "துளி அளவு" என்று ஒற்றை எண்ணை யார் சொன்னாலும் அது ஏதோ ஒரு சராசரி. 300 மைக்ரான் துளி ஒன்றில் இருக்கும் தண்ணீர் 216 ஐம்பது மைக்ரான் துளிகளில் இருக்கும் தண்ணீருக்குச் சமம். அந்த 217 துளிகளையும் வரிசையில் நிறுத்தி நடுத்துளியைக் கேட்டால் "50" என்று பதில் வரும். தண்ணீரில் பாதி எந்தத் துளியில் இருக்கிறது என்று கேட்டால் "300". பதில் இரண்டும் சரியே.

தெளிப்புத் துறையில் இரண்டு அளவுகள்தான் அதிகம் புழங்குகின்றன. ஒன்று கன அளவு நடு விட்டம். தெளித்த திரவத்தில் சரிபாதி இதைவிடச் சிறிய துளிகளில் இருக்கும். வேளாண் அட்டவணைகளில் இருப்பது இது. மற்றது சௌட்டர் சராசரி. மொத்தக் கன அளவுக்கும் மொத்த மேற்பரப்புக்கும் உள்ள விகிதத்திலிருந்து வருவது, எரிபொருள்காரர்கள் பயன்படுத்துவது, சூத்திரங்கள் பெரும்பாலும் தருவது. பெரும்பாலான நாசில்களில் முதலாவது இரண்டாவதைவிட ஏறத்தாழ 1.2 மடங்கு. துளிகளின் எண்ணிக்கையை வைத்துச் சராசரி போட்டால் இரண்டையும்விட மிகச் சிறிய எண் வரும். பெட்டியில் இருக்கும் 80 இந்த மூன்றில் எது என்று எழுதியிருக்கவில்லை. எழுதாத எண்ணை வைத்து நாற்பது நாசில் வாங்கக் கூடாது என்பது அவரிடம் நான் சொன்ன முதல் விஷயம்.

அட்டவணை

நல்ல தயாரிப்பாளர்கள் தங்கள் விசிறி நாசில்களுக்கு அழுத்தவாரியாகத் துளி வகுப்புப் போட்டுத் தருவார்கள்: மிக நுண்மை, நுண்மை, நடுத்தரம், பருமன் என்று. அமெரிக்க வேளாண் பொறியாளர் சங்கத்தின் எஸ்572 தரம் இதற்கு அடிப்படை. இந்த வகுப்புகளின் எல்லையை மைக்ரான் எண்ணாக வைக்கவில்லை, குறிப்பிட்ட மாதிரி நாசில்களை வைத்தே வரைந்திருக்கிறார்கள். எடுத்துக்காட்டாக, நுண்மைக்கும் நடுத்தரத்துக்கும் இடைப்பட்ட கோடு, 110 டிகிரி விசிறி, 03 அளவு நாசில், 3 பார் அழுத்தத்தில் தரும் துளிதான். ஏன் இப்படி? ஒரே நாசிலை இரண்டு ஆய்வகங்களின் லேசர் இரண்டு எண்ணாகக் காட்டும். மாதிரி நாசிலையும் அதே லேசரில் அளந்து, "அதைவிட நுண்மை, இதைவிடப் பருமன்" என்று சொன்னால் இரண்டு ஆய்வகமும் ஒத்துப்போகும். இந்த யோசனையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், சூத்திரத்துக்கு வரும்போது தேவைப்படும்.

அட்டவணையில் ஒரு பெரிய குழப்பம் நிறம். நாசில் உடம்பின் நிறம் ஐஎஸ்ஓ 10625 தரப்படி ஓட்ட அளவைக் காட்டும். மஞ்சள் என்றால் 02, அதாவது 3 பாரில் நிமிடத்துக்கு 0.8 லிட்டர். நீலம் 03, சிவப்பு 04. துளி வகுப்புக்கும் நிறங்கள் உண்டு, அங்கே மஞ்சள் நடுத்தரம், நீலம் பருமன், சிவப்பு மிக நுண்மை. இரண்டும் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாதவை. சிவப்பு நாசில் மிக நுண்மையான துளி தரும் என்று நம்பிப் பெரிய ஓட்ட நாசிலை வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். கடைக்காரரே அப்படிச் சொல்லிக் கொடுத்திருந்தார்.

அட்டவணைக்கு இன்னும் இரண்டு எல்லை. அது வெறும் தண்ணீரில் அளந்தது. அது அழுத்தம் நிலையாக இருக்கிற தெளிப்பானுக்கு எழுதப்பட்டது. கையால் அடிக்கும் டேங்கில் அழுத்தம் ஒவ்வொரு அடிக்கும் ஏறி இறங்கும். இதற்கு ஒரு எளிய விதி இருக்கிறது. அழுத்தம் மாறும்போது துளியின் விட்டம் அழுத்தத்தின் −0.3 அடுக்குப்படி மாறும். 1 பாரிலிருந்து 4 பாருக்கு ஏறினால் துளி மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கும். கை ஓய்கிற நேரமும் கை வேகமெடுக்கிற நேரமும் ஒரே நாசிலை இரண்டு வகுப்பாக மாற்றிவிடும். இரண்டு நாசில்களுக்குள் எது நல்லது என்று ஒரு நாள் முழுக்க யோசிப்பதைவிட, குழாயில் ஓர் அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வு மாட்டுவது பல நேரம் அதிகம் உதவும்.

சூத்திரம்

பெரியவரின் கேள்விக்கு நேரான இடம் இதுதான். கணக்குப் போட முடியுமா? முடியும்.

மிக எளிய கணக்கை ராலே என்ற இயற்பியலாளர் 1878-இல் போட்டார். குழாயை மெல்லத் திறந்து நூல்போல ஒழுக விட்டால், அந்த நூல் ஒரு கட்டத்தில் மணிமணியாக அறுந்து விழும். அந்த மணியின் விட்டம் நூலின் விட்டத்தைப்போல 1.89 மடங்கு. நூல் தன் விட்டத்தைப்போல 4.51 மடங்கு நீளத்துக்கு ஒருமுறை அறுகிறது என்று அவர் காட்டினார், அந்தத் துண்டை உருண்டையாக்கினால் 1.89 வந்துவிடும். அழகான கணக்கு, வீட்டுக் குழாயிலேயே பார்க்கலாம். ஆனால் கூம்பு நாசிலில் வருவது நூல் அல்ல, சுழன்று வெளியேறும் மெல்லிய ஏடு. அது அலையாடி, கிழிந்து, இழையாகி, பிறகுதான் துளியாகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் காற்றும் பரப்பு இழுவிசையும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டுகின்றன. இதை அடிப்படையிலிருந்து போட முடியாததால், ஆய்வாளர்கள் நிறைய அளந்து, அளந்ததற்குப் பொருந்துகிற சூத்திரம் எழுதினார்கள். கூம்பு நாசிலுக்குப் பெயர் பெற்றவை மூன்று: ராட்கிளிஃப், ஜசூஜா, லெஃபவ்ரே ஆகியோர் தந்தவை. மூன்றிலும் இருப்பது பரப்பு இழுவிசை, பிசுக்கு, ஓட்டம், அழுத்தம்.

பெரியவர் கொண்டுவந்த நாசிலை 3 பாரில் ஓட்டி, அளவு ஜாடியில் ஒரு நிமிடம் பிடித்தேன். 600 மில்லி. தண்ணீரின் பண்புகளையும் இந்த ஓட்டத்தையும் மூன்று சூத்திரத்திலும் போட்டேன். லெஃபவ்ரே 114 மைக்ரான் என்றது. ஜசூஜா 159. ராட்கிளிஃப் 194. மூன்றும் சௌட்டர் சராசரி. கன அளவு நடு விட்டமாக மாற்றினால் ஏறத்தாழ 137-லிருந்து 233 வரை. ஒரே நாசில், ஒரே தண்ணீர், ஒரே அழுத்தம். ஒரு பதில் இன்னொன்றைவிட 70 சதவீதம் பெரியது.

இதைப் பார்த்துவிட்டுச் சூத்திரமே வேண்டாம் என்று தூக்கி எறிபவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அதே மூன்று சூத்திரத்திலும் அழுத்தத்தை 3-லிருந்து 6 பாருக்கு ஏற்றிப் பாருங்கள், ஓட்டம் கூடுவதையும் சேர்த்து. லெஃபவ்ரே: பழைய அளவில் 0.77 பங்கு. ஜசூஜா: 0.80. ராட்கிளிஃப்: 0.83. மேலே சொன்ன −0.3 விதி: 0.81. துளி எவ்வளவு என்பதில் சண்டை போட்ட மூன்று சூத்திரமும், துளி எவ்வளவு மாறும் என்பதில் அந்த விதியோடு சேர்ந்து கிட்டத்தட்ட ஒரே குரலில் பேசுகின்றன. எஸ்572 தரத்தில் மாதிரி நாசிலை வைத்து அளப்பதும் இதே காரணத்தால்தான். ஆக, கையில் நம்பகமாக அளந்த ஓர் எண் இருந்தால், அதிலிருந்து பக்கத்து அழுத்தத்துக்கும் பக்கத்து ஓட்டத்துக்கும் போகச் சூத்திரம் நல்ல வண்டி. கையில் எண் இல்லாமல் வெறும் சூத்திரத்திலிருந்து எண்ணை உருவாக்கிப் பெட்டியில் அச்சடிப்பது சரியல்ல.

திரவம் மாறும்போது இந்த ஒற்றுமையும் உடைகிறது. ஒட்டும் திரவம் கலந்து பரப்பு இழுவிசை 72-லிருந்து 30 அலகுக்கு இறங்கினால், லெஃபவ்ரே துளி 20 சதவீதம் சிறுக்கும் என்கிறது, ராட்கிளிஃப் 41 சதவீதம் என்கிறது. நிஜத்தில் இரண்டையும் நம்ப முடியாது. ஏடு கிழிவதற்கு ஆகும் நேரம் மில்லி விநாடிக் கணக்கு. அதற்குள் ஒட்டும் திரவத்தின் மூலக்கூறுகள் புதிய பரப்புக்கு வந்து சேர்ந்தால்தானே இழுவிசை இறங்கும்?

வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலக்கி அடிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சூத்திரப்படி சோப்பு போட்டால் துளி நுண்மையாக வேண்டும். எண்ணெய்க் குழம்பில் நடப்பது பெரும்பாலும் இதற்கு எதிர். ஏட்டில் எண்ணெய்த் திவலைகள் ஓட்டை போட்டு, அது நாசிலுக்குப் பக்கத்திலேயே, இன்னும் மெலியாமல் தடிப்பாக இருக்கும்போதே கிழிந்துவிடுகிறது. தடித்த ஏட்டிலிருந்து பெரிய துளிதான் வரும். இந்தச் சூத்திரங்கள் ஜெட் எஞ்சின் எரிபொருள் ஆராய்ச்சியில் வளர்ந்தவை, குழம்பு அவற்றின் கணக்கில் இல்லை.

டிரோனில் வரும் சுழல் தட்டு நாசிலுக்கு மட்டும் நிலைமை வேறு. திரவம் குறைவாக ஓடும்போது தட்டின் விளிம்பில் துளிகள் ஒழுங்காகக் கழன்று விழுகின்றன. 1949-இல் வால்ட்டனும் பிரூவெட்டும் தந்த கணக்குப்படி 50 மில்லிமீட்டர் தட்டு நிமிடத்துக்கு 10,000 சுற்றுச் சுற்றினால் தண்ணீர்த் துளி ஏறத்தாழ 138 மைக்ரான். சுற்று இரட்டித்தால் துளி பாதி. இங்கே சூத்திரத்தை நேரடியாகவே நம்பித் தொடங்கலாம். ஓட்டத்தைக் கூட்டிக்கொண்டே போனால் விளிம்பில் இழையும் ஏடும் உருவாகி அந்த ஒழுங்கு போய்விடும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

கணினி மாதிரியைப் பற்றியும் கேட்கிறார்கள். ஏடு கிழிவதை உண்மையாகவே காட்ட வேண்டுமென்றால் 5 மைக்ரான் கட்டங்களாவது வேண்டும். ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்துக்கே 800 கோடி கட்டம் ஆகிறது. அதைத் தவிர்க்க நடுவில் மாதிரிச் சமன்பாடுகளைச் சொருகுவார்கள், அவற்றின் மாறிலிகளைச் சரிசெய்ய மறுபடியும் அளந்த எண் வேண்டும். நாசில் வாங்குகிறவருக்கு இது தேவையில்லை.

மஞ்சள் தாள்

26க்கு 76 மில்லிமீட்டர் அளவில், மஞ்சளாக, பளபளப்பாக இருக்கும் சிறு அட்டை. மேலே புரோமோஃபீனால் புளூ பூசியிருக்கும். தண்ணீர்த் துளி பட்ட இடம் உடனே நீலமாகிவிடும். வெறும் விரலால் தொட்டாலும் நீலமாகும் என்பதால் கையுறை போட்டு ஓரத்தைப் பிடிக்க வேண்டும். பனி இறங்கும் அதிகாலையிலும், கடலோரத்துப் புழுக்கத்திலும் தாள் தானாகவே நீலம் பாரித்துவிடும். ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டினால் வைக்காமல் இருப்பதே நல்லது.

பெரியவரோடு அவர் காட்டுக்கே போய்ப் பார்த்தோம். டேங்கில் வெறும் தண்ணீர். செடியின் உச்சியில் ஒரு தாள், நடு இலையின் மேல் ஒன்று, அடி இலைக்குக் கீழ்ப்பக்கம் ஒன்று, கிளிப் போட்டு மாட்டினோம். அவர் வழக்கமாக நடக்கும் நடையில், வழக்கமாக அடிக்கும் கையில் ஒருமுறை போய் வந்தார். துணி மில்லில் நூல் எண்ணுகிற கவுண்டிங் கிளாஸை வைத்துப் பார்த்தோம். உச்சித் தாளில் பெரும்பாலான கறைகள் அரை மில்லிமீட்டரை ஒட்டி இருந்தன. துளி தாளில் பரவி ஏறத்தாழ இரண்டு மடங்காகத் தெரியும். அப்படியென்றால் அந்தத் துளிகள் 250 மைக்ரான் பக்கம். நடுவே ஊசிமுனை அளவு நீலப் புள்ளிகளும் சிதறிக் கிடந்தன. அடி இலைத் தாளில் மொத்தமே ஐந்தாறு புள்ளி. பெரியவர் ரொம்ப நேரம் அந்தத் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் இத்தனை நாளா அடிச்சதெல்லாம் மேல மட்டும்தானா?" என்றார்.

துளி அளவை அறியும் கருவியாக இந்தத் தாளுக்குக் குறை உண்டு. 50 மைக்ரானுக்குக் கீழான துளிகள் காற்றோடு வளைந்து தாளைத் தவிர்த்துப் போய்விடும். ஸ்கேனரில் 600 புள்ளி அடர்த்தியில் எடுத்தால் ஒரு படப்புள்ளியே 42 மைக்ரான். நுண்துளியின் கறை இரண்டு படப்புள்ளிக்குள் அடங்கிவிடும், அதை வைத்து விட்டம் சொல்ல முடியாது. துளிகள் நெருங்கி விழுந்தால் கறைகள் ஒட்டிக்கொண்டு பெரிய துளிபோலக் காட்டும். அமெரிக்க வேளாண் துறையின் டெபாசிட்ஸ்கேன் மென்பொருள் எண்ணுகிற வேலையைச் செய்து தரும், இந்தக் குறைகளை நீக்காது. எனவே தாளிலிருந்து வரும் மைக்ரான் எண்ணைப் பெட்டியில் அச்சடிக்க நான் ஒப்ப மாட்டேன்.

ஆனால் மற்ற எந்த வழியும் சொல்லாத ஒன்றைத் தாள் சொல்கிறது. துளி எங்கே விழுந்தது என்று. பூச்சிமருந்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 20 முதல் 30 துளி, தொடு பூஞ்சணக்கொல்லிக்கு 50 முதல் 70 என்பது பொதுவாகப் பின்பற்றும் அளவு. இதை எண்ணிப் பார்க்க விட்டமே தேவையில்லை. இரண்டு நாசிலை ஒரே நாளில், ஒரே கையில், ஒரே செடியில் அடித்துத் தாள்களைப் பக்கம் பக்கமாக வைத்தால் முடிவு கண்ணுக்கே தெரிந்துவிடும்.

லேசர்

தெளிப்பின் குறுக்கே ஒளிக்கற்றையை அனுப்பி, ஒளி சிதறும் கோணத்திலிருந்து துளிகளின் அளவுப் பரவலைக் கண்டுபிடிப்பது லேசர் முறை. நுண்துளியின் பங்கு எவ்வளவு என்று தெளிவாகச் சொல்லும், காற்றில் போகும் அபாயத்தைக் கணிக்க இதைவிட நல்லது இல்லை. ஆனால் கற்றைக்குள் அந்த நொடியில் யார் இருக்கிறார்களோ அவர்களைத்தான் அது பார்க்கிறது. மெதுவாகப் போகும் நுண்துளி கற்றைக்குள் அதிக நேரம் தங்கும், அதனால் எண்ணிக்கையில் கூடுதலாக விழும். ஒவ்வொரு துளியாகக் கடந்து போகும்போது எண்ணும் ஃபேஸ் டாப்ளர் கருவியில் இந்தச் சாய்வு இல்லை. ஆக இரண்டு கருவியின் எண்களை நேருக்கு நேர் வைக்கக் கூடாது. லேசர் அறிக்கை வாங்கினால் நான்கு விஷயம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்: எந்த அழுத்தம், எந்தத் திரவம், நாசிலிலிருந்து எத்தனை தூரம், மாதிரி நாசிலை அதே நாளில் அளந்தார்களா. கடைசி ஒன்று இல்லாத அறிக்கையை நான் ஒதுக்கி வைத்துவிடுவேன்.

யாருக்கு எது

நாசில் செய்து விற்கிறவர் லேசருக்குச் செலவு செய்துதான் ஆக வேண்டும். ஒவ்வொரு மாடலுக்கும் ஒரே ஒரு அழுத்தத்தில் சரியாக அளந்துகொண்டால் போதும், மற்ற அழுத்தங்களுக்கு −0.3 விதி கைகொடுக்கும். டிரோனில் மருந்தடித்துக் கொடுப்பவர் சுழல் தட்டுக் கணக்கில் தொடங்கி, வயலில் தாள் வைத்து உறுதி செய்யலாம். களைக்கொல்லி அடிப்பவருக்கு அட்டவணை போதும். விசிறி நாசிலில், குறைந்த அழுத்தத்தில், பருமன் வகுப்பு. பக்கத்து வயலில் பருத்தி இருந்தால் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

பெரியவரின் ஊருக்கு நான் சொன்னது தாள்தான். "80 மைக்ரான்" நாசிலை நாற்பது வாங்காமல், மூன்று வகையில் இரண்டிரண்டு வாங்கச் சொன்னேன். எல்லா டேங்குக்கும் அழுத்த வால்வு. ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் அளவு ஜாடியில் ஒரு நிமிடம் பிடித்துப் பார்க்க வேண்டும். புதிதாக இருந்தபோது வந்ததைவிடப் பத்து சதவீதம் கூடுதலாக வந்தால் துளை தேய்ந்துவிட்டது, அந்த நாசிலுக்கு எந்த அட்டவணையும் பொருந்தாது. பித்தளை இதில் சீக்கிரம் தேயும், செராமிக் தாங்கும்.

ஒரு மாதம் கழித்து அவர் வந்தபோது ஒரு பழைய டைரியைக் கொண்டுவந்தார். பக்கத்துக்கு மூன்று தாள் ஒட்டி, உச்சி, நடு, அடி என்று எழுதி, ஒவ்வொன்றின் கீழும் நாசில் பெயர், அழுத்தம், தேதி. மூன்றாவது நாசிலின் அடி இலைத் தாளில் மட்டும் பேனாவால் ஒரு சதுரம் போட்டு, உள்ளே இருக்கும் நீலப் புள்ளிகளை எண்ணி "24" என்று எழுதியிருந்தார். குழாயைச் செடிக்குள் தாழ்த்தி, முனையைத் திருப்பிப் பிடித்து அடித்தாராம். அந்த வகையில் முப்பத்தெட்டு வாங்கிக்கொண்டு போனார்.